துரைக்கு உடம்பு சரியில்லை

மேடம் காலையில் கடைக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் நேரே மீனிடம் போனாள். கண்ணாடிக் கிண்ணத்தை நகத்தால் மெல்லத் தட்டினாள்.

"துரை, எழுந்திரு கண்ணா. மணி என்ன ஆகுது பாரு."

துரை எழுந்திருக்கவில்லை. கூழாங்கற்களின்மேல் ஒருக்களித்துக் கிடந்தது. நேற்றுவரை பாவாடை மாதிரி விரிந்திருந்த வால் ஈரத்துணியாய் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. செவுள் மட்டும் திறந்து மூடியது. பின்னால் துடைப்பத்தோடு நின்ற நூலக்காவுக்கு, இத்தனை வருஷத்தில் மேடம் தன்னை ஒருமுறைகூட கண்ணா என்று கூப்பிட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது. காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாளில்கூட, "மூக்கைத் துடைச்சிட்டு கஸ்டமரைத் தொடு" என்றுதான் சொன்னாள்.

அது ஒரு பியூட்டி பார்லர். மூன்று நாற்காலி, தலை அலச ஒரு தொட்டி, திரைக்குப் பின்னால் மெழுகு காய்ச்ச ஓர் அடுப்பு. முதல் நாற்காலி மேடத்துடையது. இரண்டாவது நூலக்காவுடையது, புருவம் திருத்துவதற்கென்றே அவளைத் தேடி வருவார்கள், நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் கை ஆடுகிற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் நூலக்கா. மூன்றாவது சுருட்டையுடையது. தலைமுடியால் வந்த பெயர். வயசு நூலக்காவின் வயசில் பாதி. வாய் ஓயாது. வந்தவர்களின் மாமியார் பெயர், நாய்க்குட்டியின் பெயர் வரைக்கும் மனப்பாடம்.

இந்த மூன்று நாற்காலிதான் இப்போது பிரச்சினை. கட்டிடத்தின் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மேடம் பெரிய வணிக வளாகத்தில் ஓர் அறை பிடித்திருந்தாள். அங்கே இரண்டு நாற்காலிக்குத்தான் இடம். ஒன்று மேடத்துக்கு. இன்னொன்று யாருக்கு என்று மேடம் சொல்லவில்லை, இவர்கள் கேட்கவில்லை. மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசாமலேயே நாள் முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துரை மேடத்தின் மகளுடைய மீன். பெட்டா மீன்; விற்கிறவர்கள் ஃபைட்டர் என்பார்கள். மகள் படிக்க வெளியூர் போகும்போது, "அம்மா, இவனைப் பட்டினி போட்டுடாதே" என்று கொடுத்துவிட்டுப் போனாள். போனவள் அம்மாவைக் கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் வீடியோவில், அதுவும் மீனைப் பார்க்க. "துரையைக் காட்டு" என்பாள். மேடம் போனைக் கிண்ணத்தின் முன்னால் பிடிப்பாள். போன் ஆடாமல் இருக்க முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொள்வாள். மீனைப் பார்த்து முடிக்கும்வரை மகள் பேசுவாள். அந்தப் பேச்சுக்காக மேடம் மீதி நாளெல்லாம் துரையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். வீட்டில் இருந்தால் கண் பார்வையில் இருக்காதென்று கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று யோசித்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்னந்தலை தெரிவதற்காக எதிர்ச்சுவரிலும் கண்ணாடி. சுற்றி உருண்டை உருண்டையாய் விளக்குகள்.

வைத்த அன்றைக்கே துரை செவுளைக் கழுத்துப் பட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு, வாலை விசிறியாய் விரித்து, கிண்ணத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. வந்தவர்களெல்லாம் தலையில் சாயத்தோடு எழுந்து வந்து படம் பிடித்தார்கள்.

"எப்படி டான்ஸ் ஆடறான் பாருங்க!" என்றாள் மேடம். "கண்ணாடியைப் பார்த்தா சந்தோஷப்படாத உயிர் உண்டா?"

அவள் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

இப்போது துரை படுத்துவிட்டது. கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஏசி குளிர் ஆகாது என்றாள் ஒருத்தி. ஏசியை நிறுத்தினார்கள், முகத்தில் பூசிய களிம்பு வேர்வையில் வழிந்தது. தண்ணீரை மாற்றச் சொன்னாள் இன்னொருத்தி, மாற்றினார்கள். ஹேர் ஸ்பிரே நெடி என்றாள் மூன்றாமவள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தார்கள். "மலச்சிக்கலா இருக்கும்" என்றாள், காலை நீட்டி நகத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கிடப்பார்."

சுருட்டை விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரையும் கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தண்ணி மாத்திடறோம்."

மேடம்கூடச் சிரித்துவிட்டாள். நூலக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு வார்த்தை தனக்கு ஏன் சமயத்தில் வாய்க்கு வருவதில்லை என்று நினைத்தாள். தன் கை பேசும் என்று இருந்துவிட்டாள். இப்போது கையும் திக்க ஆரம்பித்திருந்தது.

கையல்ல, கண். தூரத்தில் இருப்பது பளிங்கு மாதிரித் தெரிந்தது. எதிர்க்கடைப் பலகையின் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவாள். பக்கத்தில் இருப்பதுதான் கலங்கியது. ஒரு முகத்தின்மேல் குனிந்தால் புருவம் மை கொட்டிய மாதிரி பரவிக் கிடந்தது. முகத்தைப் பின்னுக்கு இழுத்து, கையை எட்டி நீட்டி, பழக்கத்தின் தைரியத்தில் நூலை ஓட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டால் தீர்கிற விஷயம். ஆனால் முன்பு இங்கே வேலை பார்த்த ஒருத்தி மூக்குக் கண்ணாடியோடு வந்த அன்றைக்கு மேடம் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை: "கண்ணு போனவ கையில யாரும்மா முகத்தைக் கொடுப்பா?"

சுருட்டைக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்லூரிப் பெண்ணின் புருவத்தில் நூலக்கா ஓர் ஓட்டையைப் போட்டுவிட்டாள். அந்தப் பெண் கண்ணைத் திறப்பதற்குள் சுருட்டை பென்சிலோடு குறுக்கே பாய்ந்து, "இந்த வெட்டு வைக்கத்தான் இப்ப எல்லாரும் கேட்கறாங்க, உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று அளந்துவிட்டாள். பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டு போனாள். பிறகு திரைக்குப் பின்னால், மெழுகு வாசனையில், சுருட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கண்ணு டாக்டரைப் பாருங்க. மேல் உதடு, பொடி முடியெல்லாம் என்கிட்ட தள்ளிவிடுங்க, நான் பார்த்துக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

மூச்சு விடவும் இல்லை. அதைத்தான் நூலக்காவால் பொறுக்க முடியவில்லை. திட்டியிருந்தால், காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ரகசியத்தைக் காப்பாற்றுகிறவளை என்ன செய்வது? காலையில் அவள் முகத்தைப் பார்த்தாலே, கடன் கொடுத்தவளைப் பார்த்த மாதிரி கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

ஏசியும் தண்ணீரும் தட்டும் உதவாமல் போகவே, வண்ணமீன் கடைக்குப் போய் மருந்து வாங்கி வரும்படி மேடம் நூலக்காவை அனுப்பினாள். கடைக்காரர் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"எங்கம்மா வெச்சிருக்கீங்க அதை?"

"பார்லர்ல. கண்ணாடிக்கு முன்னால."

"ஒரு பக்கமா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

அவர் சொறிவதை நிறுத்தினார். "ஏம்மா, விடிஞ்சதுலேருந்து உங்க வாசல்ல ஒருத்தன் கத்தியோட நிக்கறான்னு வைங்க. பின்கட்டுக்கு ஓடினா அங்கயும் நிக்கறான். உங்களுக்குச் சோறு இறங்குமா? கண்ணை மூடுவீங்களா? அது டான்ஸ் ஆடலைம்மா. சண்டை போட்டிருக்கு. கண்ணாடியில தெரியறதை இன்னொரு மீன்னு நினைச்சு நாள் பூரா சண்டை போட்டு, முடியாம விழுந்து கிடக்கு."

"மருந்து?"

பழைய பெட்டி ஒன்றிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்துக் கொடுத்தார். "இதான் மருந்து. சுத்திவர வெச்சு, வெளிச்சம் படாத மூலையில விடுங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டும். தானா எழுந்துரும்."

அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நூலக்கா திரும்பி நடந்தாள். உண்மையில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கத்தி வைத்திருக்கிறவன் கதையைக் கடைக்காரர் மாதிரியே சொல்ல வேண்டும். மேடம் வாயைப் பிளப்பாள். சுருட்டைகூட, "அடேங்கப்பா" என்பாள்.

கதவைத் தள்ளினாள். அவளுடைய நாற்காலியில் வங்கிக்காரம்மா சாய்ந்திருந்தாள். இந்தக் கடை திறந்த நாளிலிருந்து நூலக்காவைத் தவிர வேறு யார் கையையும் முகத்தில் படவிடாதவள். அவள்மேல் சுருட்டை குனிந்து நூலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லைன்னு சும்மா உட்கார்ந்தேம்மா," என்றாள் வங்கிக்காரம்மா, கண்ணைத் திறக்காமலேயே. "பொண்ணுக்குக் கை பூ மாதிரி இருக்கு. வலியே தெரியலை."

மேடம் நெருங்கி வந்தாள். சுருட்டையின் கையைப் பார்த்தாள். பிறகு நூலக்காவின் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை இரண்டாவது நாற்காலியில் கொஞ்சம் நின்றது. பிறகுதான் கேட்டாள். "என்ன சொன்னான்?"

நூலக்காவின் நாக்கு நுனியில் கத்திக்காரன் நின்றுகொண்டிருந்தான். நன்றி என்பது சாயங்காலத்துக்குள் காய்ந்துபோகிற சமாச்சாரம் என்று அவளுக்குத் தோன்றியது. பழி அப்படி இல்லை. ஒட்டினால் ஒட்டினதுதான்.

"தீனி ஜாஸ்தியாம் மேடம். கணக்கில்லாம கொட்டிக் குடலே கெட்டுப்போச்சாம். சரியாகிற வரைக்கும் ஒரு பருக்கை போடக் கூடாதுன்னுட்டான்."

துரைக்குத் தீனி போடுவது சுருட்டை. அது எல்லாருக்கும் தெரியும். காலையில் வந்ததும், "துரை, டிபன்" என்று அவள் பாடுவது தெருவுக்கே கேட்கும். சுருட்டையின் கையில் நூல் தளர்ந்தது.

"நான் ரெண்டு சிட்டிகைதானே போடறேன்..."

"ரெண்டுன்னு யாரு உன்னைப் போடச் சொன்னா?" என்றாள் மேடம்.

நூலக்கா அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டாள். வெட்டின முடி அதன்மேல் விழுந்து மூடியது.

அதற்குப் பிறகும் மனசு மாற வழி இருந்தது. எல்லாரும் போனபின் கிண்ணத்தைத் தூக்கி மூலையில் வைத்து ஒரு துண்டைச் சுற்றினால் போதும். ஆனால் துரை எழுந்துவிட்டால், தீனி காரணமில்லை என்றாகிவிடும். எழாமல் இருக்கும்வரைதான் அவள் சொன்னது நிஜம். ஆகவே உருண்டை விளக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். வெளிச்சம் முன்னைவிடப் பளிச்சென்று விழுந்தது. துரை பட்டினி கிடந்தது. மேடம் சுருட்டையோடு பேச்சை நிறுத்தினாள். "கத்தரியை எடு", "துண்டைப் போடு" என்பதோடு சரி. கடையில் சுருட்டையின் சிரிப்பு செத்தது. வந்தவர்கள், "ஏன் பொண்ணு டல்லா இருக்கு?" என்று கேட்டார்கள். "மீனும் அவளும் ஒரே ஜாதகம்" என்றாள் நூலக்கா. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சொன்னதற்கு மேடம் சிரித்தாள்.

ஒரு மத்தியானம் மேடம் திரைக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நூலக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு முகத்தின்மேல் குனிந்திருந்தாள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தபோது, அதில் கிண்ணத்தருகே சுருட்டை தெரிந்தாள். விரல் நுனியை ஈரமாக்கி, டப்பாவிலிருந்து ஒரே ஒரு தீனி மணியை ஒற்றியெடுத்து, தண்ணீரின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு, துரை. யாருக்கும் தெரியாது. வா."

துரை அசைந்தது. வயிற்றைக் கல்லிலிருந்து பிரித்தது. சாய்ந்து சாய்ந்து மேலே ஏறியது. வந்து, மணியைக் கவ்வியது. எட்டத்தில் இருந்ததால் நூலக்காவுக்கு அதன் வாய் மூடியதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

நூலைத் துப்பினாள். "ஏய்! தீனியா போடறே அதுக்கு?"

திரை கிழிகிற மாதிரி விலகியது. மேடம் எச்சில் கையோடு வந்து நின்றாள். அதற்குள் துரை பழையபடி கல்லில் போய்ப் படுத்துவிட்டது.

"மேடம், அது எழுந்து வந்துச்சு மேடம்! சாமி சத்தியமா! பசியிலதான் கிடக்கு. வந்து சாப்பிட்டுச்சு. அக்கா பார்த்தாங்க, கேளுங்க!"

மேடம் திரும்பினாள். "எழுந்துச்சா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் பாதிப் புருவத்தோடு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியலை மேடம்," என்றாள் நூலக்கா. "கிடந்தது கிடந்தபடிதான் கிடந்துச்சு. இவ போட்டதைத்தான் பார்த்தேன்."

சுருட்டை வாயைத் திறந்தாள். நூலக்காவின் முகத்தை, அதில் கண்ணை, உற்றுப் பார்த்தாள். சுருட்டையின் முகத்தில் இருந்த பதற்றம் மெல்ல வடிந்து வேறு ஏதோ ஆவதை நூலக்கா பார்த்தாள். அது இரக்கம். இந்தப் பைத்தியக்காரி, அக்காவுக்கு நிஜமாகவே தெரியவில்லை, பாவம், கண் அவ்வளவு மோசமாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். 'அவங்களுக்குக் கண்ணு சரியில்லை மேடம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி அந்த நிமிஷமே கைமாறியிருக்கும்.

சுருட்டை வாயை மூடிக்கொண்டாள்.

"புதுக் கடைக்கு நீ வர வேண்டாம்," என்றாள் மேடம். "இங்க மூடுற வரைக்கும் வேலையைப் பாரு."

மறுநாள் காலையில் துரை கல்லில் இல்லை. மேலே மிதந்தது. மேடம் கைப்பையை இறக்கிவைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், குனிந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, துரையைக் காகிதத்தில் சுற்றி நூலக்காவிடம் கொடுத்தாள். "இதே கலர்ல, இதே வால்ல. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள."

வண்ணமீன் கடைக்காரர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். "அட்டை சுத்தலையா?"

"சுத்தினோம். பிழைக்கலை."

"ம்." அவர் காகிதத்தை மடித்தார். வலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதியது நீலத்தில் ஒரு படி அதிகம். வால் கொஞ்சம் குட்டை. அதையும் அதே இடத்தில் வைத்தார்கள். வைத்ததும் கழுத்துப் பட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். மேடம் முழங்கையைத் தாங்கிக்கொண்டு போனைப் பிடித்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"சூப்பரா இருக்காம்மா. சரி, ஃபிரெண்ட்ஸ் வந்திருக்காங்க. வெச்சிடறேன்."

அவ்வளவுதான். நிறம் மாறியதும் வால் குறைந்ததும் அவள் கண்ணில் படவே இல்லை. மேடம் அணைந்த போனை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். தப்பித்துக்கொண்டவள் முகமாக இல்லை அது.

பழைய கடையின் கடைசி நாள். மேடம் புதுக் கடையில் பெயின்ட் அடிப்பவர்களை மேய்க்கப் போயிருந்தாள். நாற்காலிகளில் இரண்டை லாரியில் ஏற்றியாகிவிட்டது. மூன்றாவதை, சுருட்டையுடையதை, பழைய சாமான் எடுப்பவன் தள்ளிக்கொண்டு போனான். சுருட்டை தன் சீப்புகளையும் இரண்டு கத்தரியையும் ஒரு துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். வேறெங்கும் இன்னும் வேலை கிடைக்கவில்லை. போய்வருகிறேன் என்று வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? மறைக்காம சொல்லணும்."

நூலக்கா கையிலிருந்த நூற்கண்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அந்த ஒரு மணியாலதான் செத்துச்சா, அக்கா? அன்னைக்கு அது பசிச்சு வந்த மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. படுத்தாத் தூக்கமே வரலை. நான் பேசாம இருந்திருந்தா பிழைச்சிருக்குமா?"

கடையில் வேறு யாரும் இல்லை. நாற்காலி முடிவாகிவிட்டது, லாரியே ஏறிவிட்டது. இப்போது உண்மையைச் சொல்வதால் நூலக்காவுக்கு அநேகமாக ஒன்றும் குறையாது. அநேகமாக. ஆனால் இந்தப் பெண்ணுக்கு நாக்கு நிற்காது. மேடத்துக்குப் போன் போடுவாள். போடாமலும் இருக்கலாம். போடாமல் இருந்துவிட்டால், அதற்கும் சேர்த்து அவளுக்குக் கடன்படவேண்டியிருக்கும்.

"பின்ன?" என்றாள் நூலக்கா. "சொன்னா கேட்டியா? போற இடத்துலயாவது கையை அடக்கி வை."

சுருட்டை தலையாட்டினாள். அடி வாங்கிய குழந்தை, ஏன் அடித்தார்கள் என்று புரிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வது மாதிரி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கண்ணைப் பார்த்துக்கோங்கக்கா. தள்ளிப் போடாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. நூலக்கா துடைப்பத்தை எடுத்தாள், பெருக்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் போக நின்ற கூட்டத்தில் சுருட்டை நிற்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. தூரத்தில் இருந்ததால் நன்றாகவே தெரிந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே இல்லாத ஒரு தீனி மணியை அளந்து பார்க்கிறவள் மாதிரி விரல்களைச் சேர்த்தாள், கொஞ்சம் விரித்தாள், மறுபடி சேர்த்தாள். சிக்னல் விளக்கு பச்சைக்கு மாறியது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தெருவைக் கடந்து போய்விட்டார்கள். அவள் இன்னும் அங்கேயே நின்றாள், விரல்களைப் பார்த்தபடி.